பூட்டிய வீட்டையும் படமெடுப்போம்

விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றால் கோபுரத்தைப் படமெடுக்கிறோம். குளத்தையும், அண்மையில் வண்ணம் பூசிய மணிக்கூண்டையும் எடுக்கிறோம். அதே தெருவில் ஓடு சரிந்து, துருப்பிடித்த பூட்டோடு நிற்கும் வீட்டைக் கடந்து போய்விடுகிறோம். நம் கருத்தில், முதலில் எடுக்க வேண்டியது அந்த வீட்டைத்தான். மணிக்கூண்டு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

வங்கித் துறையோடு உறவுள்ள கட்டடம் ஒன்றையே பார்ப்போம். கொல்கத்தாவின் டல்ஹௌசி சதுக்கத்தில் 1833-இல் எழுந்த மாளிகையில் முதலில் ஆக்ரா வங்கி இயங்கியது. 1868-இல் அரசின் பணத்தாள் அலுவலகம் அங்கு வந்தது. 'கரன்சி பில்டிங்' என்ற பெயரும் நிலைத்தது. 1935-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் முதல் மத்திய அலுவலகமும் அதுவே. அத்தகைய கட்டடத்தையே 1990-களில் இடிக்கத் தொடங்கினர். பாரம்பரிய ஆர்வலர்களும் மாநகராட்சியும் தடுத்து நிறுத்துவதற்குள் நடுக்கூடத்தின் குவிமாடங்கள் போய்விட்டன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறை அதைச் சீரமைத்தது. 2020 ஜனவரியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நடுக்கூடம் இருந்த இடம் இன்று வானம் பார்த்த முற்றம். குவிமாடங்களின் தோற்றத்தை இனிப் பழைய படங்களிலும் வரைபடங்களிலும்தான் காண இயலும்.

அது தலைநகராய் இருந்த ஊரின் பெருங்கட்டடம். தடுக்க ஆள் வந்தது. தனியார் வீடுகளுக்கு யார் வருவார்? செட்டிநாட்டில் கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் சில வீடுகள் விடுதிகளாகி உயிர் பெற்றுள்ளன. வேறு பல, பங்காளிகள் பெருகி, பழுதுபார்க்கும் செலவை ஏற்பவரின்றிப் பூட்டிக் கிடக்கின்றன. இடிபட்ட வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. தூண் எங்கேனும் ஒரு வரவேற்பறையில் வாழும். அது எந்த வீட்டில், எந்த வரிசையில் நின்றது என்பது மறைந்துவிடும்.

ஆகவே படம் அழகாக அமைவதைவிடப் பயன்படுவதாக அமைவது முக்கியம். அந்தி வெளிச்சத்தில் அரசமரம் பிளந்த சுவரைக் கறுப்பு வெள்ளையில் எடுப்போர் பலர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சிதைவை ரசிக்கும் அந்தப் பழக்கம் நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. முகப்பு முழுவதும் தெரியும்படி எதிரே நின்று ஒரு படம். பின் கதவின் செதுக்கல், தரைக்கல், தாழ்வாரம், மழைநீர் இறங்கும் வழி என ஒவ்வொன்றாக. அருகில் ஓர் ஆளோ அளவுகோலோ இருந்தால் உயரம் விளங்கும். நாள், தெரு, வீட்டின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். அண்டை வீட்டுப் பெரியவர் சொல்லும் செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உரிமையாளரின் இசைவின்றி உள்ளே செல்லுதல் முறையன்று. உத்தரம் உளுத்த வீட்டுக்குள் இசைவு கிடைத்தாலும் நுழையலாகாது. பாகப்பிரிவினை வழக்கில் இருக்கும் வீடாயின், படமெடுக்க வருபவரை நிலத்தரகர் என்றே ஐயுறுவர். நோக்கத்தைப் பொறுமையாக விளக்க வேண்டியதுதான். ஆளில்லா வீட்டின் தூண்களையும் முகவரியையும் சமூக ஊடகத்தில் ஒருசேர வெளியிடுவதை அறவே தவிர்ப்போம். திருடர்களும் அவற்றைப் பார்க்கிறார்கள்.

எடுத்த படங்களில் ஒரு படி ஊர் நூலகத்துக்கும், ஒரு படி உரிமையாளருக்கும் சேரட்டும். மும்பையிலோ சிங்கப்பூரிலோ பிறந்து வளர்ந்து, கையொப்பம் இடுவதற்கு மட்டும் ஊருக்கு வரவிருக்கும் பேரப்பிள்ளைகள் தம் பங்கை விற்கும் முன், விற்பது இன்னதென்று ஒருமுறையேனும் காண்பார்கள்.