மதுரை வானுக்குப் பூட்டிட்டவர் யாவர்?

எம் ஊர் திருப்புட்குழி. புள் என்பது பறவை. புள்ளின் குழி புட்குழி. சடாயு என்னும் பறவைக்கு இராமன் மகன்போல் நின்று இறுதிக்கடன் ஆற்றிய இடம் இஃதென்று கோயிற்கதை கூறும். கதையை நம்புவோர் நம்புக, நம்பாதார் விடுக. ஊர்ப்பெயர் பழந்தமிழ்ப் பெயர் என்பதில் ஐயமில்லை. அக்கதையை ஈண்டு எமக்கு நினைவூட்டியது வேறொரு துயரச் செய்தி.

எம்மிடம் பயின்ற நெசவாளர் மகள் ஒருத்தி கமுதிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர் கத்தார் நாட்டில் கட்டட வேலை பார்ப்பவர். தந்தையார் மறைந்த செய்தி கேட்டு அவர் பதறிப் புறப்பட்டார். மதுரைக்கு நேர் ஊர்தி இல்லை. சென்னையில் இறங்கி, இரவெல்லாம் சாலையில் ஓடி, ஊர் சேர்ந்தபோது சிதை எரிந்து தணிந்திருந்தது. மதுரை வானூர்தி நிலையமோ அவ்வூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ளது! பறவைக்குக் கிடைத்த கடன் பெற்ற தந்தைக்குக் கிடைக்கவில்லை.

இது விதியா? அன்று. மாந்தர் இட்ட பூட்டு. பூட்டு எங்குள்ளது, திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதைத் தமிழன்பர்கள் தெளிவாக அறிதல் வேண்டும்.

மதுரையில் புதிய முனையம் 2010-இல் எழுந்தது. 2012-இல் கொழும்புக்கு முதற் பன்னாட்டு ஊர்தி பறந்தது. பின்னர் இந்திய நிறுவனங்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஊர்தி விட்டன. ஆயினும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றின் நிறுவனங்கள் தம் ஊர்திகளை மதுரைக்குக் கொணர இயலவில்லை. பட்டம் வேண்டும், ஓடுதளம் நீளவேண்டும் என்று மதுரை வணிகப் பெருமக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். தில்லியிலிருந்து வந்த விடைகளும் அவற்றையே சுற்றிச் சுழன்றன. இவ்விரண்டையும் எடுத்து எடையிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, பட்டம். திருச்சிராப்பள்ளி 'பன்னாட்டு நிலையம்' என்னும் பெயரை 2012-இல்தான் பெற்றது. ஆனால் மலேசிய நிறுவனமாகிய ஏர் ஏசியா 2008-ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரிலிருந்து அங்கு வந்திறங்கியது. பட்டம் பின்னே வந்தது. ஊர்தி முன்னே வந்தது. ஆகவே பட்டம் திறவுகோல் அன்று.

இரண்டாவது, நீளம். மதுரை ஓடுதளம் ஏறத்தாழ 2,290 மீட்டர். திருச்சி ஓடுதளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். இவ்விரண்டிற்கும் இடையே பெரும் வேற்றுமை இல்லை. இவ்விரண்டினும் மிகக் குறுகியது யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுதளம். அங்கும் திருச்சியிலிருந்து 2025 மார்ச்சு 30 முதல் சிற்றூர்தி செல்லத் தொடங்கியது. மறுபுறம் கண்ணூரைப் பாருங்கள். 2018-இல் திறந்தபோதே அதற்குப் பன்னாட்டுப் பட்டமும் இருந்தது. 3,050 மீட்டர் ஓடுதளமும் இருந்தது. இருந்தும் வளைகுடா நிறுவனங்களை அங்கு வரவிடத் தில்லி மறுத்தது. மலையாளிகளும் மதுரைக்காரரைப் போலவே மனுக்கொடுத்து நின்றனர். ஆகவே நீளமும் திறவுகோல் அன்று.

பின் எதுதான் திறவுகோல்? ஒப்பந்தத்தாளில் எழுதப்படும் ஓர் ஊர்ப்பெயர்!

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்மீது முழு உரிமை உண்டென்று 1944-இல் சிகாகோவில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. அதன்பின் இரு நாடுகள் தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்டே ஊர்தி விடுகின்றன. எந்நாட்டு நிறுவனம் எவ்வெவ்வூரில் இறங்கலாம், கிழமைக்கு எத்தனை இருக்கை என்பனவெல்லாம் அவ்வொப்பந்தத்தில் எழுதப்படும். எழுதப்பட்ட ஊரில் இறங்கலாம்; எழுதப்படாத ஊரில் இறங்கலாகாது. தென்கிழக்காசிய நிறுவனங்கள் கட்டுப்பாடின்றி வந்து செல்ல இந்தியா 18 ஊர்களைத் திறந்துவிட்டது. அப்பட்டியலில் திருச்சி இடம்பெற்றது. ஆகவே திருச்சி தழைத்தது. வடக்கே கயை இருந்தது, கசுராகோ இருந்தது. மதுரை இல்லை! கழகம் கண்ட மதுரை, மீனாட்சியம்மை கோயிலைக் காண உலகத்தார் வரும் மதுரை, சுற்றுலா ஊர்ப் பட்டியலில் இல்லை! பெருநகரம் அல்லாத ஊர்களை அயல்நாட்டு நிறுவனங்கட்குப் புதிதாகத் திறப்பதில்லை என்பது தில்லி பின்னர் மேற்கொண்ட கொள்கை. பட்டியல் எழுதியபோது விடுபட்டவன் பட்டியலை மூடியபின் எங்ஙனம் நுழைவான்?

தில்லி கூறும் கரணியத்தையும் மறையாது கூறுவோம். அயல்நாட்டு நிறுவனங்கள் நம் மக்களைத் தம் ஊர்க்கு ஏற்றிச்சென்று, அங்கிருந்து உலகெங்கும் அனுப்பி ஊதியம் ஈட்டுகின்றன. உள்நாட்டு நிறுவனங்கள் நலிகின்றன என்பர். இதில் ஓரளவு ஞாயம் உண்டு. ஆனால் உள்நாட்டு நிறுவனங்கள் வேண்டிய அளவு மதுரையிலிருந்து பறக்கின்றனவா? பறந்தால் யாம் ஏன் கேட்கப்போகிறோம்? தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாமல் வைக்கோற்போரிற் படுத்த நாயின் கதையன்றோ இது! ஒருவரைக் காக்க மற்றவரைத் தடுப்பதாயின், காக்கப்பட்டவர் அவ்வூர்க்குத் தொண்டாற்றியே தீரவேண்டும் என்றும் கட்டளையிடுதல் வேண்டும்.

இனி, இதன் சுமை யார் தலையில் விழுகின்றது என்று பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியலின் 29-ஆம் உருப்படி, வான்வழி முழுவதையும் நடுவணரசின் கையில் வைத்துள்ளது. நிலம் எடுத்துக் கொடுப்பதோ மாநில அரசு. நிலம் நம்முடையது, கண்ணீர் நம்முடையது, ஊர்தி வரலாமா என்னும் தீர்ப்பு மட்டும் தில்லியினுடையது! மதுரை ஓடுதளத்தை நீட்டுதற்காகச் சின்ன உடைப்பு மக்களை எழுப்பமுயன்றபோது அவர்கள் 2024-இல் போராடினர். எம் காஞ்சி மாவட்டத்திலோ சென்னைக்கு இரண்டாம் நிலையம் அமைக்கப் பரந்தூரில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் குறிக்கப்பட்டது. ஏரியும் வயலும் வீடும் போகுமென்று 2022-இல் போராடத் தொடங்கிய ஏகனாபுரத்து மக்கள் ஆயிரம் நாள் கடந்தும் ஓய்ந்தாரில்லை. எம் பள்ளிக்கு அப்பக்கத்துப் பிள்ளைகளும் வந்ததுண்டு. ஏரி நிறைந்தால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்பதை யாம் அறிவோம்.

சென்னையில் நெருக்கடி என்கின்றனர். அந்நெருக்கடியில் ஒரு பங்கு, தெற்கேயுள்ளார்க்கு வேறு வாயில் இன்மையால் விளைந்ததன்றோ? கமுதியானும் பரமக்குடியானும் காரைக்குடியானும் தம் ஊர்ப்பக்கத்திலேயே இறங்கினால் சென்னைச் சுமை முழுதும் தீருமென யாம் கூறேம். குறையும் என்பது உறுதி. கட்டிய வீட்டின் கதவைப் பூட்டிவைத்துவிட்டு, இடம் போதவில்லை என்று அடுத்தவன் வயலில் புதுவீடு கட்டுவது எவ்வகை அறம்?

ஆதலின் தமிழ்நாட்டரசும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் செய்யவேண்டுவன இவை. மதுரைப் பெயரைச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளின் ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டுமென்று ஒரே குரலில் கேட்டல் வேண்டும். அவ்வுறுதி எழுத்தில் வருமுன் இனி ஒரு காணி நிலமும் உழவனிடமிருந்து பறித்துக் கொடுத்தல் கூடாது. இத்தகைய ஒப்பந்தப் பேச்சில் நிலங்கொடுக்கும் மாநிலத்துக்கு இருக்கை வேண்டுமென்று வாதாடுதல் வேண்டும்.

தமிழன்பர்களே! பட்டம் தருகிறோம் என்றால் மயங்காதீர்கள். பட்டம் பலகையில் தொங்கும். ஊர்தி அதைக் கண்டு இறங்காது. ஒப்பந்தத்தில் மதுரையின் பெயரைக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு தந்தையின் இறுதி நாளில், கடல்கடந்து உழைக்கும் மகன் பொழுதோடு வந்து சேரட்டும்.