வெற்று நூற்றாண்டும் ஆண்ட பரம்பரையும்

'ஒன் பீஸ்' ரசிகர் ஒருவரை இரவு முழுக்கப் பேசவைக்க வேண்டுமா? "வாய்ட் செஞ்சுரியில் என்னதான் நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நிலவிலிருந்து வந்த மக்கள், கடலுக்கடியில் மூழ்கிய நகரம், 900 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இரும்பு மனிதன், 'டி' என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அரச குலம் என்று தியரிகள் கொட்டும். எல்லாவற்றுக்கும் பேனல் எண்ணோடு ஆதாரமும் வைத்திருப்பார்கள். பாடப் புத்தகத்தைக்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த உழைப்பு எந்தக் கேள்விக்குச் செலவாகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. (பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இனி ஸ்பாய்லர்தான்.) எய்ச்சிரோ ஓடா 1997 ஜூலையிலிருந்து எழுதி வரும் இந்த மங்காவின் உலகத்தில் ஒரு நூறு ஆண்டு வரலாறு முழுமையாக அழிக்கப்பட்டிருக்கிறது. அந்த நூற்றாண்டின் முடிவில், அதாவது 800 ஆண்டுகளுக்கு முன்பு, 20 அரசர்கள் கூடி 'உலக அரசு' ஒன்றை நிறுவினார்கள். அவர்கள் வீழ்த்திய ஒரு பெரும் ராஜ்ஜியம் இருந்தது. அதன் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் போனெக்லிஃப் என்ற உடைக்க முடியாத கற்களில் அந்த வரலாறு பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லை உடைக்க முடியாத அரசு, அதைப் படிப்பதைக் குற்றமாக்கிவிட்டது.

அந்த 20 பேரில் ஆலபாஸ்டாவின் அரச குடும்பம் மட்டும் ஒதுங்கிக்கொண்டது. மற்றவர்களின் வாரிசுகள்தான் செலஸ்டியல் டிராகன்கள். சாமானியர் விடும் மூச்சுக்காற்று தங்கள் மூக்கில் நுழைந்துவிடக் கூடாது என்று தலையில் கண்ணாடிக் குமிழி மாட்டிக்கொண்டு நடப்பவர்கள். அடிமைகளின் உடம்பில் சூடு போடுபவர்கள். அவர்கள் தெருவில் வந்தால் எல்லோரும் மண்டியிட வேண்டும். காற்றுத் தீட்டு, பார்வைத் தீட்டு, நிழல் தீட்டு என்றெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் குமிழியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் வெற்று நூற்றாண்டைப் பற்றி முதன்முதலாகத் தியரி சொன்னவர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒஹாரா தீவின் பேராசிரியர் க்ளோவர். எந்த ரசிகரும் அவரை 'தியரி ஆசாமி' என்று எண்ணுவதில்லை. ஆனால் அவர் செய்தது அதுதான். கிடைத்த கல்வெட்டுத் துணுக்குகளைச் சேர்த்து, விடுபட்ட இடங்களை அனுமானத்தால் நிரப்பி, உலக அரசின் உச்சத் தலைவர்களிடமே நேரடியாக எடுத்துச் சொல்கிறார். பழைய ஆயுதங்கள் உயிர்பெற்றுவிடும் என்பதால்தான் படிக்கத் தடை என்று அரசு சொல்லும் காரணத்தை அவர் ஏற்கவில்லை. அரசு உண்மையில் அஞ்சுவது அந்த ராஜ்ஜியத்தின் இருப்பையும் சிந்தனையையும்தான் என்பது அவர் வாதம். ராஜ்ஜியத்தின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது சுட்டுவிடுகிறார்கள்.

பிறகு பத்துப் போர்க்கப்பல்கள் சேர்ந்து தீவையே எரிக்கின்றன. தப்பிப்போகும் பொதுமக்கள் ஏறிய கப்பலில் ஓர் அறிஞராவது ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அந்தக் கப்பலையும் தகர்க்கிறார்கள். மிஞ்சியவள் நிகோ ராபின், எட்டு வயதுச் சிறுமி. அவள் தலைக்கு 7.9 கோடி பெரி விலை வைக்கிறார்கள். அவள் செய்த குற்றம், படிக்கக் கற்றுக்கொண்டது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றச் சொல்லும் கௌதம தர்ம சூத்திரத்தை எழுதியவர்கள் இந்தச் சிறுமியின் 'வாண்டட்' சுவரொட்டியில் எந்தப் பிழையும் கண்டிருக்க மாட்டார்கள்.

இத்தனையையும் படித்துவிட்டு நம் தியரிக்காரர்கள் எங்கே போகிறார்கள்? நேராக அரண்மனைக்கு. அந்த ராஜ்ஜியத்தின் அரசன் யார், அவன் ரத்தம் இன்று யார் உடம்பில் ஓடுகிறது, ப்ளூட்டனை யார் கட்டியது, லூஃபிக்கு எத்தனையாவது பாட்டன் ஜாய்பாய். "நாம் நல்லவர்கள் என்று நம்பும் அந்தப் பழைய ராஜ்ஜியமே கொடுங்கோல் ராஜ்ஜியமாக இருந்திருந்தால்?" என்று கேட்கும் சற்றுக் கூர்மையான தியரிகளும் உண்டு. அவையும் ஆண்டவனின் குணத்தைத்தான் விசாரிக்கின்றன. ஆளப்பட்டவர்கள் பக்கம் திரும்புவதில்லை. போனெக்லிஃப்களைச் செதுக்கியவர்கள் வானோ நாட்டின் கல்தச்சர்கள் என்று கதை தெளிவாகவே சொல்கிறது. அந்தத் தச்சர்களும் கொசுகி என்ற ஆளும் குலத்தினராக இருப்பதால் ரசிகர்கள் குலத்தைப் பிடித்துக்கொண்டு உளியை விட்டுவிட்டார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு போரின் நடுவே, உடைக்க முடியாத கல்லில் எழுதிவைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்களே, அந்த முடிவைப் பற்றி ஒரு நீண்ட காணொளியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நமக்கு இந்த நோய் புதிதல்ல. இதற்குத் தமிழில் 'ஆண்ட பரம்பரை' என்று பெயர். ராஜராஜனின் சதய விழா வந்தால் போதும், அவன் எங்கள் சாதி என்று எத்தனை சுவரொட்டிகள்! இழந்த ஒரு பொற்காலம், அதில் ஒரு சிம்மாசனம், அதில் நம் தாத்தா. சிம்மாசனத்துக்குக் கீழே மண் சுமந்தவர்கள் யார், அவர்களைச் சேரிக்கு ஒதுக்கியது யார் என்று கேட்டால் விழா கலைந்துவிடும். ஒன் பீஸ் ரசிகர்கள் சாதிவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. காணாமல்போன நாகரிகம் என்றதும் கிரீடத்தைத் தேடும் பழக்கம் நம் எல்லோருக்கும் சேர்த்துப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது. கற்பனை உலகத்துக்குள் போனாலும் அது கூடவே வருகிறது.

அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நிலவுத் தியரி நல்ல உதாரணம். நிலவில் ஒரு பாழடைந்த நகரமும் சிறகு முளைத்த மக்களின் ஓவியங்களும் இருப்பதைக் கதை ஓரிடத்தில் காட்டுகிறது. உடனே, பழைய ராஜ்ஜியத்தின் அறிவெல்லாம் மேலிருந்து இறங்கியதுதான் என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். கதைக்குள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் "இந்த மண்ணின் ஆட்கள் இதைக் கட்டியிருக்க முடியாது" என்ற யோசனைக்கு ரத்தம் தோய்ந்த ஒரு வரலாறு உண்டு. ஆப்பிரிக்காவின் கிரேட் ஜிம்பாப்வே கற்கோட்டையைக் கண்ட வெள்ளையர்கள், ஃபினீசியர்கள் கட்டியது, ஷீபா ராணியின் நகரம் என்றெல்லாம் அளந்தார்கள். 1905இல் ராண்டல்-மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழ்ந்து பார்த்து, ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று நிறுவினார்கள். அப்படியும் ரொடீசியாவின் வெள்ளை அரசு விடவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. கறுப்பின மக்களுக்கு வரலாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நிலம் யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கற்கோட்டையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

கடல்மட்டம் 200 மீட்டர் உயர்ந்து பழைய உலகம் மூழ்கியது என்று வேகாபங்க் அறிவித்தபோது எந்தத் தமிழ் ரசிகருக்கும் குமரிக்கண்டம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறதே, அதன் சாயல் இந்தியாவிலும் தெரிகிறதே என்று 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் ஊகித்த ஒரு நிலத்துண்டு, நம் கைக்கு வந்ததும் பாண்டியர் தலைநகராகிவிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விலங்கியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. நமக்கு இன்னும் தேவைப்படுகிறது. அதை வேறொரு நாள் பேசலாம்.

அப்படியானால் இழந்த வரலாற்றைப் பற்றி யாருமே தியரி சொல்லக் கூடாதா? அதற்கு நேர் எதிராகத்தான் நான் வாதிடுகிறேன். எழுதும் உரிமை பறிக்கப்பட்டவர்களுக்கு அனுமானத்தை விட்டால் வேறு வழியில்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் செய்தது என்ன? வழக்குச் சொற்கள், பண்டிகைகள், பழைய நூல்கள், ஊர்க் கதைகள் என ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, அழிக்கப்பட்ட ஒரு பௌத்தத்தை மீட்க முயன்றார். அவருடைய எல்லா முடிவுகளையும் இன்றைய ஆய்வு ஏற்காது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. நம்மைத் தாழ்ந்தவர்கள் என்று முதலில் சொன்னவன் யார், எப்போது, எதை மறைக்க?

அம்பேத்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலின் முன்னுரையில், சான்றுகளின் சங்கிலி அறுந்துபோன இடத்தில் ஆய்வாளன் அனுமானத்தைக் கொண்டு அதை இணைக்கலாம் என்று வெளிப்படையாகவே வாதாடுகிறார். உடைந்த கற்களிலிருந்து ஒரு நகரத்தையே மீட்டுக் காட்டும் தொல்லியலாளரை உதாரணம் காட்டுகிறார். அப்படி அவர் சென்றடைந்த மூதாதையர் யார்? அரசர்கள் அல்லர். போரில் தோற்று, தங்கள் குழுக்களிலிருந்து சிதறி, ஊருக்கு வெளியே குடியமர்ந்த மக்கள். அவர்கள் பௌத்தத்தை விடவில்லை, மாட்டிறைச்சியை விடவில்லை, அதனால் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் கருதுகோள். தீண்டாமை கி.பி. 400 வாக்கில் தோன்றியது என்று காலமும் குறித்தார். ஒன்றுக்குத் தொடக்கம் இருந்தால் முடிவும் இருக்க முடியும் அல்லவா? அரியணையே இல்லாத தியரி அது.

பூலேயின் பலிராஜா ஓர் அரசன்தானே என்று யாராவது மடக்கலாம். ஆம், அரசன்தான். ஆனால் பூலே 1873இல் 'குலாம்கிரி' எழுதி அவதாரக் கதைகளைத் தலைகீழாக்கியபோது, பலியின் வாரிசு நான்தான் என்று பட்டம் கேட்கவில்லை. வாமனன் அளந்த மூன்றடியை நில அபகரிப்பு என்று படித்துக் காட்டினார்.

மீண்டும் கதைக்கு வருவோம். பக்கனீர் என்றொரு இனம். அதில் பிறந்தவர் குமா. தொலைந்த காலத்தில் அந்த இனம் ஏதோ குற்றம் செய்ததாம். ஆகவே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் குற்றவாளி, ஒவ்வொரு குழந்தையும் அடிமை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் படித்துவிட்டு ஓடா எழுதினாரா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுகளுக்கு முன் நின்றார்கள் நம் மக்கள். குற்றப் பரம்பரை என்ற முத்திரையை எதிர்த்துச் செத்தவர்களின் மண்ணில், இன்று ஆண்ட பரம்பரை என்ற முத்திரையைத் தாங்களே குத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். இரண்டு முத்திரையிலும் 'பரம்பரை' இருக்கிறது. இரண்டுமே பிறப்பைக் கேட்கின்றன.

குமாவுக்குச் சூரியக் கடவுள் நிகாவைப் பற்றிச் சொல்பவர் அவருடைய தந்தை. அடிமைகளை விடுவிக்க வரும், சிரிக்கும் ஒரு கடவுள். தந்தையும் அடிமை. அவர் கொல்லப்படுகிறார். நிகாவின் பெயர் வரலாற்றிலிருந்து துடைக்கப்பட்டது, நிகாவின் சக்தி கொண்ட பழத்துக்கே 'கோமு கோமு' என்று வேறு பெயர் சூட்டி மறைத்தார்கள். ஆனாலும் 800 ஆண்டுகளாக அந்தப் பெயர் அடிமைகளின் வாயில் உயிரோடு இருந்தது. நூலகத்தை எரித்தவர்களால் அதை எரிக்க முடியவில்லை. 2022இல் இந்தத் திருப்பம் வந்தபோது, "லூஃபி விதிக்கப்பட்ட நாயகன் ஆகிவிட்டானே" என்று பலர் புலம்பினார்கள். அந்தப் புலம்பலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தாத்தா கடற்படையின் மாவீரர், அப்பா புரட்சிப்படைத் தலைவர், பெயரில் 'டி'. போதாததற்கு, ஓடாவுக்கு நல்ல அரசர்கள் மீது தீராத காதல். கொடுங்கோலனை விரட்டியதும் அரியணையில் ஒரு நல்ல இளவரசனை உட்காரவைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால்தான் ரசிகர்களும் ரத்தத்தை முகர்ந்துகொண்டு அலைகிறார்கள். பாதிக் குற்றம் ஆசிரியருடையது.

"வெறும் கார்ட்டூனுக்கு இவ்வளவா?" என்பவர்களுக்கு ஒன்று. 2025 ஆகஸ்ட்டில் இந்தோனேசிய இளைஞர்கள் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியை வீட்டு வாசலிலும் லாரியிலும் கட்டியபோது ஆட்சியாளர்கள் பதறினார்கள். செப்டம்பரில் நேபாளத்தில் அரசைக் கவிழ்த்த கூட்டத்திலும் அதே கொடி பறந்தது. அதைத் தூக்கியவர்கள் யாரும் லூஃபியின் வம்சாவளியை வைத்துத் தூக்கவில்லை. குமிழிக்குள் இருப்பவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, என் தியரி என்ன என்று கேட்பீர்கள். க்ளோவர் சொல்ல வந்து முடிக்காமல் போன அந்தப் பெயர் ஓர் அரச குலத்தின் பெயராக இருக்காது. செத்துப்போன குலத்தின் பெயரைக் கேட்டு எந்த அரசும் ஒரு கிழவரைச் சுடாது. கேட்டவுடனே அடிமைக்குத் தன் நிலை இயற்கையானதல்ல என்று புரிந்துவிடும் ஏதோ ஒரு சாதாரணச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். எரியும் மரத்திலிருந்து ஒஹாரா அறிஞர்கள் ஏரியில் எறிந்த புத்தகங்கள் எல்பாஃப் ராட்சதர்களிடம் பத்திரமாக இருக்கின்றன, ராபினும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் சொன்னது பொய்யாகி, கடைசியில் அது லூஃபியின் கொள்ளுப்பாட்டன் பெயராக இருந்துவிட்டால், ஓடாவைத் திட்டி இதே பத்தியில் எழுதுகிறேன்.