தளரும் செயற்கைக் கால்



முற்றிய நீரிழிவாலோ விபத்தாலோ காலை இழந்தவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். அறுவைச் சிகிச்சை முடிந்து, செயற்கைக் காலும் வந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று வீட்டார் எண்ணுகின்றனர். ஆனால், தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய கால், சில மாதங்களில் தளர்ந்து ஆடத் தொடங்குகிறது. செய்து கொடுத்தவரைக் குறை கூறுவார் ஒருவர். "வாப்பா, நீங்கள்தாம் சரியாகப் பழகவில்லை" என்று கடிந்துகொள்வார் இன்னொருவர். இரண்டுமே பிழை. மாறியது செயற்கைக் கால் அன்று. அதனுள் அமரும் சொந்தக் கால்.

அறுவைக்குப் பின் எஞ்சிய கால் வீங்கியிருக்கும். நாளடைவில் வீக்கம் வடியும். உழைப்புக் குறைந்த தசை மெலியும். இம்மாற்றம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். எஞ்சிய காலைத் தாங்கும் 'சாக்கெட்' என்னும் கூடோ, வார்த்த அளவிலேயே நிற்கும். கூடு தளர்ந்தால் கால் அளவுக்கு மீறி உள்ளே இறங்கி, எலும்பின் முனை அழுந்திப் புண்ணாகும். வேறொரு நோய்க்காக அறுவை செய்துகொண்டு, செயற்கைக் காலைக் கழற்றிவைத்துப் படுத்திருந்தவருக்கு இதன் மறுபக்கமும் நேரும். வீங்கிய கால் கூட்டினுள் நுழைய மறுக்கும். அப்போது வலிந்து திணித்தல் ஆகாது.

1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் உருவாக்கிய பாதம், தரையில் குந்தவும் சம்மணமிடவும் வழிசெய்தது. ஆயினும், எத்தகைய சிறந்த பாதமும் மேலே கூடு பொருந்தாவிடில் பயன் தராது.

ஆகவே, சிறிது தளர்ந்தால் கூடுதலாக ஓர் உறை அணியலாம். உறைமேல் உறையாக அடுக்க நேர்ந்தால், கூட்டையே மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். கழற்றி வைக்கும் வேளைகளில் மருத்துவர் கூறியபடி மீள்துணிக் கட்டு அணிந்தால் வீக்கம் அடங்கும். நாள்தோறும் கைக்கண்ணாடி கொண்டு தோலைப் பாருங்கள். செயற்கைக் காலைக் கழற்றி 20 நிமிடம் கடந்தும் சிவப்பு மறையாவிடில், அதை மீண்டும் அணியாமல் மருத்துவரை நாடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு வலி தெரியாமலே புண் ஆழமாகிவிடும். கவனியாவிட்டால் மீண்டும் ஓர் அறுவைக்கு அதுவே வழியாகும்.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ நம் மார்க்கம் இடமளித்துள்ளது. பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் ஆவலில் புண்ணை மறைத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இதனை அன்புடன் எடுத்துக் கூறுங்கள். பொறுமை என்பது வேதனையை மறைப்பதன்று. உரிய காலத்தில் மருத்துவம் செய்துகொண்டு, அதன் பலனுக்காகக் காத்திருப்பதே பொறுமை.

உங்கள் இல்லத்தில் அத்தகையவர் இருப்பின், "நடந்தீர்களா?" என்று வினவுமுன், "கால் சரியாகப் பொருந்துகிறதா?" என்று வினவுங்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்சுகம் அருள்வானாக!