ஊரை விட்டுப் போகிற டீம், பெயரையும் தூக்கிக்கொண்டு போகலாமா?

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் டீம் 2025-ம் ஆண்டிலிருந்து ஊர்ப் பெயரே இல்லாமல் ஆடுகிறது.

நம் ஊர் கிரிக்கெட்டில் சென்னை, மும்பை என்று இருப்பது போல, அங்கேயும் ஒவ்வொரு டீமுக்கும் முன்னால் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு பட்டப்பெயர். இந்த டீமுக்கு மட்டும் முன்பாதி கிடையாது. வெறும் "அத்லெடிக்ஸ்". செல்லமாக "ஏ'ஸ்" என்பார்கள்.

2024 வரை அது ஓக்லாந்து அத்லெடிக்ஸ். சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் துறைமுக நகரம் ஓக்லாந்து. அங்கிருந்து மூட்டை கட்டிவிட்டார்கள். 2028-ல் லாஸ் வேகாஸ் நகரில் புதுமனை புகுவிழா. ஆமாம், சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன அதே லாஸ் வேகாஸ்தான். அங்கே ஸ்டேடியம் கட்டி முடியும் வரை சேக்ரமெண்டோ பக்கத்தில், 14 ஆயிரம் பேர் வரை கொள்ளும் ஒரு மைதானத்தில், அங்கே ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த சின்ன லீக் டீமோடு சேர்ந்து ஒண்டுக்குடித்தனம்.

சட்டையின் ஒரு கையில் சேக்ரமெண்டோ பாலம். இன்னொரு கையில் லாஸ் வேகாஸ். ஓக்லாந்து எங்கேயும் இல்லை. ஆனால் "ஏ'ஸ்" என்ற பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதுவும் லாஸ் வேகாசுக்குப் போகிறது.

டீம் முதலாளியின் சொத்து. சரி. பெயரும் அவர் சொத்துதானா?

சட்டத்தைக் கேட்டால், "ஆமாம், டிரேட் மார்க்" என்று ஒரே வரியில் பதில் வரும். ஓக்லாந்துக்காரர்களைக் கேட்டால் கதை நீளும்.

வந்து எதிர்த்தார்கள்

1968-லிருந்து 2024 வரை 57 சீசன் ஓக்லாந்தில் ஆடிய டீம் இது. 1972, 1973, 1974 என்று வரிசையாக மூன்று வருஷமும், பிறகு 1989-லும் சாம்பியன்.

டீம் போகப் போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் ஒரு வேலை செய்தார்கள். மேட்சுக்குப் போகாமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவது உலக வழக்கம். இவர்கள் கூட்டமாகப் போய் எதிர்ப்பைக் காட்டினார்கள்! காலியாகக் கிடந்த ஸ்டேடியத்தில் 2023 ஜூன் 13-ந் தேதி 27,759 பேர். "விற்றுவிடு" என்று எழுதிய பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, முதலாளி ஜான் ஃபிஷரைப் பார்த்து ஒரே கோஷம். ஊரைக் காலி செய்யாதே, டீமை வேறு ஆளிடம் கொடுத்துவிடு என்பதுதான் அர்த்தம்.

அதே நாளில் நெவாடா மாநில செனட்டில் லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கான மசோதா பாஸ் ஆகிவிட்டது. மக்கள் பணத்திலிருந்து 38 கோடி டாலர் வரை. அப்போதைய கணக்கில் 3 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நவம்பரில் 30 டீம் முதலாளிகளும் ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட இல்லை.

2024 செப்டம்பர் 26-ந் தேதி கடைசி மேட்ச். 46,889 பேர் வந்தார்கள். டெக்சாஸ் டீமை 3-2 என்று ஜெயித்துக்கொடுத்துவிட்டுத்தான் ஏ'ஸ் கிளம்பியது. மைதானத்து மண்ணை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு.

வெள்ளை யானை

இங்கே ஒரு சிக்கல். ஓக்லாந்துக்கே அந்தப் பெயர் சொந்தப் பெயர் இல்லை!

1901-ல் பிலடெல்பியாவில் பிறந்த டீம் அது. அங்கே 5 தடவை சாம்பியன். 1955-ல் கான்சாஸ் சிட்டி. அங்கேயும் கால் தரிக்காமல் 1968-ல் ஓக்லாந்து. மூன்று ஊரிலும் அதே பெயர்.

அதன் சின்னம் ஒரு யானை. 1902-ல் போட்டி மேனேஜர் ஜான் மெக்ரா இந்த டீமைக் கிண்டல் செய்து "வெள்ளை யானை" என்றார். காசைத் தின்னும், காரியத்துக்கு ஆகாது என்று குத்தல். டீமின் மேனேஜர் கானி மேக் லேசுப்பட்ட ஆளா? அந்த யானையையே சின்னமாக எடுத்து மாட்டிக்கொண்டார். பிலடெல்பியாவில் ஏறிய யானை நடுவில் சில காலம் இறங்கியிருந்தாலும் மறுபடி ஏறிக்கொண்டது. இப்போது நாலாவது ஊருக்கு நடக்கிறது.

அப்படியானால் ஓக்லாந்து எந்த முகத்தோடு பெயரைக் கேட்கிறது? பிலடெல்பியாவிடம் வாங்கியதுதானே?

வாங்கியதுதான். ஆனால் பிலடெல்பியாவைவிட அதிக வருஷம் அந்தப் பெயரைச் சோறு போட்டு வளர்த்தது ஓக்லாந்து. போதாக்குறைக்கு பிலடெல்பியாவுக்கு இன்னொரு பேஸ்பால் டீம் மிச்சம் இருந்தது. ஓக்லாந்துக்கு ஒன்றும் இல்லை. 2019-ல் கூடைப்பந்து டீம் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020-ல் ஃபுட்பால் டீம் இதே லாஸ் வேகாசுக்குப் போனது. இப்போது இது. ஐந்தே வருஷத்தில் மூன்றும் அவுட்!

ராத்திரியோடு ராத்திரியாக

பெயர் போனால் ஒரு ஊர் என்ன பாடுபடும் என்று தெரிய வேண்டுமானால், பால்டிமோர் கதையைக் கேட்க வேண்டும்.

அமெரிக்க ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். அதில் பால்டிமோர் டீமின் பெயர் "கோல்ட்ஸ்". குதிரைக்குட்டிகள் என்று அர்த்தம். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர் அது. பொருத்தமான பெயர்.

1984 மார்ச்சில் முதலாளி ராபர்ட் இர்சேவுக்கும் ஊருக்கும் ஸ்டேடியத் தகராறு முற்றியது. டீமையே அரசு கையகப்படுத்த வழி செய்யும் மசோதாவை மேரிலாந்து மாநில சட்டசபை கையில் எடுத்தது. இர்சே பார்த்தார். மார்ச் 28-ந் தேதி நள்ளிரவு 15 லாரிகள் வந்து நின்றன. சாமான் எல்லாம் ஏறியது. போலீஸ் மடக்கிவிடக் கூடாதே என்று லாரிகள் வேறு வேறு பாதையில் இண்டியானாபொலிஸ் நகருக்குப் பறந்தன. பொழுது விடிந்தபோது பால்டிமோரில் டீம் இல்லை!

வாடகை பாக்கி வைத்தவர்கள் காலி செய்கிற மாதிரி இருந்தது அந்தக் காட்சி.

டீமின் பேண்டு வாத்தியக்காரர்களின் யூனிபாரம் மட்டும் தப்பியது. அன்று அது சலவைக்குப் போயிருந்தது. லாரிக்காரர் கண்ணில் படவில்லை. யூனிபாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டார்கள். டீம் இல்லாத ஊரில் பேண்டு மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. அடுத்தவர் மைதானத்தில் எல்லாம் போய் வாசித்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, 12 வருஷம்.

கோல்ட்ஸின் பெரிய நட்சத்திரம் ஜானி யூனிட்டாஸ். பால்டிமோருக்காக 17 சீசன் ஆடியவர். இண்டியானாபொலிஸ் டீமோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று ஒதுங்கிவிட்டார். 2002-ல் சாகும் வரை அப்படியே இருந்தார். அவருடைய ரிக்கார்டு மட்டும் அவர் ஆடாத ஊரின் கணக்கில்!

உச்சக்கட்டம் 1994-ல். கனடா லீக்கைச் சேர்ந்த ஒரு டீம் பால்டிமோரில் தொடங்கியது. "பால்டிமோர் கோல்ட்ஸ்" என்றே பெயர் வைக்கப் பார்த்தார்கள். இண்டியானாபொலிஸ் கோர்ட்டுக்குப் போனது. தடை கிடைத்தது. ஊர் தன்னுடைய பழைய பெயரைத் தானே வைத்துக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. மைதானத்தில் அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர்..." என்று சொல்லி நிறுத்துவார். மிச்சத்தைக் கூட்டம் கத்தும். "கோல்ட்ஸ்!" கோர்ட்டு அறிவிப்பாளருக்குத் தடை போடலாம், கூட்டத்தின் வாய்க்குப் பூட்டுப் போட முடியுமா?

கிளீவ்லாந்து விடவில்லை

அதே பால்டிமோர் அடுத்த வருஷம் அடுத்த ஊரின் டீமை வளைத்துப் போட்டது. இதுதான் வேடிக்கை.

1995 நவம்பரில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் முதலாளி ஆர்ட் மொடெல், பால்டிமோருக்குப் போகிறேன் என்று அறிவித்தார். கிளீவ்லாந்து கொதித்தது. கடைசி மேட்சில் ஜனங்கள் சீட்டைப் பிடுங்கி மைதானத்தில் வீசினார்கள். ஆனால் ஊர் அதோடு நிற்கவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போனது.

1996 பிப்ரவரியில் சமரசம். ஆட்டக்காரர்களையும் கான்டிராக்டையும் மொடெல் எடுத்துக்கொண்டு போகலாம். பெயர், பழுப்பும் ஆரஞ்சுமான நிறம், 1946-லிருந்து உள்ள ரிக்கார்டு, எல்லாம் கிளீவ்லாந்திலேயே இருக்க வேண்டும். 1999-க்குள் ஊருக்குப் புது டீம். அப்படியே நடந்தது. பால்டிமோருக்குப் போனவர்கள் "ரேவன்ஸ்", அதாவது அண்டங்காக்கைகள், என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அண்டங்காக்கையைப் பற்றிப் பாடிய கவிஞர் எட்கர் ஆலன் போவின் சமாதி அந்த ஊரில்தான் இருக்கிறது. ஜனங்கள் டெலிபோனில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்த பெயர்.

யாருக்கு என்ன நஷ்டம்? ரேவன்ஸ் 2001 ஜனவரியில் சாம்பியனே ஆகிவிட்டது. புதுப் பெயர் வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிகள் சொல்வது எவ்வளவு தூரம் நிஜம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

2008-ல் சியாட்டில் கூடைப்பந்து டீம் ஓக்லஹாமாவுக்குப் போனபோதும் "சூப்பர்சானிக்ஸ்" பெயரை விட்டுவிட்டுத்தான் போனது. விமானம் கட்டும் ஊருக்கு ஏற்ற பெயர் அது.

ஜாஸ் எங்கே, குளவி எங்கே

பெயரைத் தூக்கிக்கொண்டு போனால் வரும் கூத்தையும் பார்க்கலாம்.

ஜாஸ் சங்கீதம் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். அங்கே 1974-ல் தொடங்கிய கூடைப்பந்து டீமுக்கு "ஜாஸ்" என்று பெயர். 1979-ல் டீம் யூட்டா மாநிலத்துக்குப் போனது. பெயரும் போனது. 2002-ல் சார்லட் என்ற ஊரிலிருந்து "ஹார்னெட்ஸ்" டீம் நியூ ஆர்லியன்சுக்கு வந்தது. அந்தப் பெயருக்குப் பெரிய குளவிகள் என்று அர்த்தம். சுதந்திரப் போர்க் காலத்தில் சார்லட்டை ஒரு பிரிட்டிஷ் தளபதி "குளவிக் கூடு" என்று திட்டியதால் வந்த பெயர் அது. ஆக ஜாஸ் ஊரில் குளவி. யூட்டாவில் ஜாஸ். சார்லட்டில் ஒன்றும் இல்லை.

2013-ல் நியூ ஆர்லியன்ஸ் தானாகவே குளவியை விட்டுவிட்டு, லூசியானாவின் மாநிலப் பறவையான பெலிக்கன் பெயரை வைத்துக்கொண்டது. 2014-ல் "ஹார்னெட்ஸ்" சார்லட்டுக்கே திரும்பி வந்தது. பழைய ரிக்கார்டும் கூடவே வந்தது. பெயரைக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. மனசுதான் வேண்டும்.

எதிர்த்தரப்பு

பெயர் கூடவே போகட்டும் என்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாட்ஜர்ஸ் 1958-ல் லாஸ் ஏஞ்சல்சுக்குப் போனது. டிராம் வண்டிக்குக் குறுக்கே ஓடித் தப்புகிறவர்கள் என்று புரூக்ளின்காரர்களைக் கேலி செய்ததில் வந்த பெயர். அந்த டீமில்தான் 1947-ல் கறுப்பர் ஜாக்கி ராபின்சன் நிறவெறித் தடையை உடைத்து ஆடினார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் டீமுக்காக ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. ஆனால் 2017-ல் அவருக்கு ஸ்டேடியத்தில் சிலை வைத்தது அந்த டீம். புரூக்ளினில் பெயரை விட்டிருந்தால் அதைத் தூக்கி நிறுத்த டீமே இருந்திருக்காது.

இது பெரிய பாயிண்ட்தான். சிலை வைக்கலாம், நினைவு கொண்டாடலாம். அதற்காக ஊரின் பெயர்ச் சொத்து முழுதும் முதலாளிக்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கிளீவ்லாந்து வழியில் புது டீம் வரும் வரை பெயரையும் ரிக்கார்டையும் லீக்கே பூட்டி வைக்கலாமே?

இங்கிலாந்தில் முதலாளி வழிக்கு வந்த கதையும் உண்டு. விம்பிள்டன் கால்பந்து கிளப் 2003-ல் மில்டன் கீன்ஸ் ஊருக்குப் போனது. அடுத்த வருஷம் பெயரை மாற்றிக்கொண்டது. 1988-ல் ஜெயித்த எஃப்.ஏ. கோப்பை உட்பட பழைய பெருமைகளை 2007-ல் விம்பிள்டன் வட்டாரத்துக்கே ஒப்படைத்துவிட்டது. ரசிகர்கள் அதற்குள் தாங்களே ஒரு கிளப் தொடங்கியிருந்தார்கள்.

நம் பக்கம்

இந்தியாவில் பட்டப்பெயரைவிட ஊர்ப் பெயர்தான் கெட்டி. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸ் மேட்சுகள் புனேவுக்குப் போயின. பெயர் மாறவில்லை, மஞ்சளும் மாறவில்லை. ரசிகர்கள் ஸ்பெஷல் ரயிலில் புனேவுக்கே போனார்கள். திரும்பி வரப்போகிற டீம் என்று தெரியும்.

திரும்பி வராத டீம்களின் கதை கால்பந்தில். டெல்லி டைனமோஸ் 2019-ல் புவனேசுவரம் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. 2025-ல் ஐதராபாத் எஃப்.சி. டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. பெயரை மாற்றியது நல்லதுதான். ஆனால் 2022-ல் கேரளாவைப் பெனால்டியில் வீழ்த்தி ஐதராபாத் ஜெயித்த ஐ.எஸ்.எல். கோப்பை எந்த ஊர்க் கணக்கு? கிளீவ்லாந்து மாதிரி அதையும் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

ஓக்லாந்து அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2024-ல், ஏ'ஸ் இன்னும் ஊரில் இருக்கும்போதே, லோக்கல் ஆட்கள் ஒரு புது டீம் தொடங்கினார்கள். சின்ன லீக், சின்ன மைதானம். ரசிகர்களே பங்கு வாங்கினார்கள். பெயர் "பாலர்ஸ்". சுருக்கமாக "பி'ஸ்". ஏ போனால் என்ன, அடுத்த எழுத்து இருக்கிறதே! 2025-ல் அந்த பி'ஸ் தன் லீக்கில் சாம்பியன்.