பட்டறைப் பக்கம்: துப்பாக்கி வேண்டாம், அரத்தைக் கையில் கொடுங்கள்

கேள்வி: எங்களுக்கு நத்தம் பக்கம் நிலக்கடலையும் மாவும். என் மகன் பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கைவேலையில் கெட்டிக்காரன், கிணற்று மோட்டாரைப் பிரித்து அவனே மாட்டிவிடுவான். வீட்டுப் பரணில் என் தாத்தா காலத்து மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. வெளிநாட்டில் ஆட்கள் அந்த மாதிரித் துப்பாக்கியைத் தாங்களே செய்வதை செல்போனில் பார்த்துவிட்டு, தானும் செய்யப் போகிறேன், பன்றி விரட்டவும் ஆகும் என்கிறான். அதற்கான கருவிகளை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறான். வாங்கித் தரலாமா? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: கருவி வாங்கிக் கொடுங்கள். துப்பாக்கி செய்யவோ, பரணில் இருப்பதைப் பழுது பார்க்கவோ விடாதீர்கள்.

அமெரிக்காவில் இது பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு, உரிமமின்றிச் செய்தால் குறைந்தது 7 வருடம் சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். 'நாட்டுத் துப்பாக்கிதானே, மருந்து கெட்டிக்கிற பழைய சாமான்தானே' என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், குழல் வெடித்தால் போவது சுடுகிறவனுடைய கண்ணும் கையும்தான்.

தாத்தாவுக்கு உரிமம் இருந்திருந்தாலும் அது பேரனுக்குத் தானாக வந்து சேராது. ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பன்றிக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். பயிர்ச்சேதம் ஆனால் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொண்டு மனுக் கொடுங்கள்.

இனி பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் ஆசையில் தப்பில்லை. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். இரும்பு வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. பழைய துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கிற பொறிக்கு ஆங்கிலத்தில் பெயரே 'லாக்', அதாவது பூட்டு. வில், நெம்பு, திருகு, ஒன்றோடொன்று உரசாமல் நகரும் தகடு என்று துப்பாக்கிப் பொறியில் இருப்பதெல்லாம் திண்டுக்கல் பூட்டிலும் இருக்கிறது. பையன் செல்போனில் பார்த்த கைத்திறன் அத்தனையையும் பூட்டு செய்தே கற்றுக்கொள்ளலாம், போலீஸ் வராது.

முதலில் வாங்க வேண்டியது வைஸ். நாலு அங்குலம் போதும். ஆடாத கனமான மேசையில், வைஸின் வாய் பையனுடைய முழங்கை உயரத்துக்கு வரும்படி முடுக்குங்கள். தாழ்வாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடிக்கும். உயரமாக இருந்தால் அரம் தட்டையாக ஓடாது.

அடுத்தது அரம். பணத்தை இங்கேதான் போட வேண்டும். 10 அங்குலத்தில் பல் பெரிய தட்டை அரம் ஒன்று, 8 அங்குலத்தில் நடுத்தரம் ஒன்று, 6 அங்குலத்தில் மழமழ வெட்டு ஒன்று. இவற்றோடு முக்கோணம், வட்டம், அரைவட்டம் ஒவ்வொன்று, ஊசி அரம் ஒரு செட். எல்லாவற்றுக்கும் மரக்கைப்பிடி போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். இருபது வயதில் அவசரத்துக்குப் பிடி இல்லாத அரத்தை எடுத்து ராவினேன். அரம் எங்கோ மாட்டி நின்றது, கை நிற்கவில்லை. வால்முனை உள்ளங்கையில் ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்குமே தவிர, இரும்பு குறையாது. திரும்பி வரும்போது லேசாகத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். புது அரத்தை முதலில் பித்தளையில் ஓட்டிவிட்டுப் பிறகு இரும்புக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும்.

ஹாக்சாவில் பிளேடின் பல் முன்பக்கம் பார்க்கட்டும். வெட்டும் இடத்தில் எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் படவேண்டும். தகடு மெல்லியதானால் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு கேளுங்கள். இவை போக அரை கிலோவுக்கு மேல் போகாத உருண்டை மூக்குச் சுத்தியல், சென்டர் பஞ்ச், கோடு கிழிக்க ஊசி, டிவைடர், மூலைமட்டம், எஃகு ஸ்கேல், கையால் சுற்றுகிற டிரில். கிரைண்டர் வேண்டாம். ஒரு வருடத்துக்கு அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்பது என் கட்சி. கிரைண்டரில் தொடங்கியவன் கைக்கு அளவு தெரியாது.

இரும்பில் கிழித்த கோடு கண்ணுக்குத் தெரியாது. இதற்கு உங்கள் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தத்தில் சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய இரும்பில் தடவினால் செம்பு நிறம் ஏறும். அதன்மேல் ஊசியால் கிழித்த கோடு பளிச்சென்று தெரியும். விஷம், கை கழுவச் சொல்லுங்கள்.

முதல் வேலையாகப் பூட்டைத் தொட வேண்டாம். ஒரு இரும்புத் துண்டை வெட்டி, இரண்டு அங்குலச் சதுரமாக, எல்லாப் பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக ராவட்டும். ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். பெரும்பாலும் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் வரும். கை ஊஞ்சலாடுகிறது என்று அர்த்தம். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவார்கள். பையன் நின்றால் அடுத்த செலவு செய்யுங்கள்.

பிறகு சாவி தொலைந்த பழைய லீவர் பூட்டு ஒன்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வில் இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. சாவியை ஒரு தாள் கனம் அதிகமாக ராவிவிட்டால் அந்தச் சாவி போயிற்று. ராவிய இரும்பை யாரும் ஒட்டவைக்க முடியாது. ஒரு தகட்டைப் பார்த்து அதேபோல் பித்தளையில் ஒன்று செய்து, பழைய பூட்டுக்குள் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால், விளக்குப் புகையைத் தகட்டில் பிடித்து உள்ளே பொருத்தி எடுத்தால் உரசும் இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. அந்த வெளிநாட்டுக்காரர்களும் துப்பாக்கிக் கட்டைக்குள் இரும்பைப் பொருத்த இதே விளக்குப் புகையைத்தான் நம்புகிறார்கள்.

பிழைப்பாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். பூட்டை மட்டும் நம்பினால் கஷ்டம். அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்தபிறகு இங்கே பட்டறைகள் குறைந்துவிட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல சேதிதான், ஆனால் அதனால் மட்டும் பட்டறைக்கு இளவட்டங்கள் வந்துவிடவில்லை. அதனால் பையனை ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேருங்கள். இரண்டு வருடப் படிப்பு. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கும் பிட்டர் வேண்டும், நம் பம்பு செட்டுக்கும் வேண்டும். விடுமுறையில் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை எதிலாவது, ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரக் கேட்டுப் பாருங்கள். கூலி கேட்காமல் உட்காரட்டும். அவர் அரத்தை எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க முடியாது.

கேள்வி: அரம் வாங்கி இரண்டே மாதத்தில் வழுக்குகிறது. சாணை பிடித்துக் கூராக்கலாமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: சாணை பிடித்தால் இருக்கிற பல்லும் போகும். முதலில் பல்லுக்கு நடுவே தூள் அடைத்திருக்கிறதா பாருங்கள்; கம்பித் தூரிகையால், பல் போகும் வாக்கிலேயே தேய்த்து எடுங்கள். இனிமேல் ராவுவதற்கு முன் அரத்தில் சாக்பீஸ் பூசிக்கொண்டால் தூள் ஒட்டாது. எண்ணெய் போடாதீர்கள், வழுக்கும். எல்லா அரத்தையும் ஒரே டப்பாவில் கடகடவென்று போட்டு வைத்திருந்தீர்களானால் காரணம் அதுதான். ஒன்றின் பல்லை இன்னொன்று உடைக்கும். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வில் கம்பியையோ பதமேற்றிய அரிவாள் வாயையோ அதில் ராவியிருந்தால், அந்த அரத்துக்கு வைத்தியம் இல்லை. புதிதுதான் வாங்க வேண்டும்.