இன்னொரு தடவை, உம்மம்மா!

மஃரிபு தொழுது முடித்து நான் முஸல்லாவை மடிக்கும் வரைதான் என் பேரனுக்குப் பொறுமை. மடித்த மறுகணம் புத்தகத்தோடு மடியில் வந்து விழுவான். நான்கு மாதங்களாக ஒரே புத்தகம். அட்டை பிய்ந்து இரண்டு முறை ஒட்டியாயிற்று. "இன்னொரு தடவை, உம்மம்மா" என்று அவன் கேட்கையில் எனக்கு அலுப்புத் தட்டுவது உண்மையே. எனினும் மறுத்ததில்லை. அதற்கொரு காரணம் உண்டு, சகோதரிகளே, பிறகு சொல்கிறேன்.

அந்தப் புத்தகம், எரிக் கார்ல் என்னும் அமெரிக்க ஓவியர் 1969-இல் படைத்த 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. பசி அடங்காத புழு ஒன்று திங்களன்று ஓர் ஆப்பிளைத் தின்கிறது. செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். இப்படியே வளர்ந்து வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு. தின்ற பழங்களில் உண்மையாகவே துளைகள் இருக்கும். காகிதத்தில் துளையிடும் கருவியோடு விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்கு இந்த எண்ணமே உதித்ததாம். அத்தகைய பக்கங்களைக் கட்டுப்படியாகும் செலவில் அமெரிக்காவில் அச்சிட இயலாமல், ஜப்பானில் அச்சிட்டார்கள். அந்தத் துளைகளில் சுண்டுவிரலை நுழைப்பதற்காகவே என் பேரன் கிழமைகளைக் கடக்கிறான். சனிக்கிழமை புழு கண்டதையெல்லாம் தின்கிறது. அப்பட்டியலில் ஸலாமி என்றோர் இறைச்சிப் பண்டம் வருகிறது. எந்த இறைச்சியோ என்ற ஐயத்தில் நான் அதைச் 'சமூசா' என்றே வாசித்துவிடுகிறேன். படத்தையும் என் முகத்தையும் அவன் மாறி மாறிப் பார்ப்பான்.

ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் தாய்மார்கள் படத்தைப் பார்த்து வீட்டுத் தமிழிலேயே சொல்லலாம். தமிழ்ப் புத்தகமானாலும் அப்படியே செய்க. அச்சில் 'கூறியது' என்றிருந்தால் 'சொன்னுச்சு' என்று வாசியுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை 'கூறியது' என்ற சொல்லை எங்கே கேட்டிருக்கும்? சென்னைத் துலிகா பதிப்பகத்தின் 'கஜபதி குலபதி' இதற்கு ஏற்றது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. பெரிய யானைக்குச் சளி பிடிக்கிறது, பிறகு தும்மல். அந்தத் தும்மலை அடித்தொண்டையிலிருந்து தும்ம வேண்டும். வெட்கப்படுவோர் வாசித்துப் பயனில்லை.

உறங்கும் வேளைக்கு 1947-இல் வெளிவந்த 'குட்நைட் மூன்'. பக்கம் புரளப் புரள அறை இருண்டுகொண்டே போகும்; கடிகாரம் ஏழிலிருந்து எட்டேகாலை நெருங்கும். வண்ணப் பக்கங்களில் எல்லாம் ஒரு சுண்டெலி ஒளிந்திருக்கிறது. அதை முதலில் கண்டவன் அவன்தான், நான் அல்ல.

விலை கேட்டு மலைப்பவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தக வரிசை இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொடக்கத்தில் நானும் தவறு செய்தேன். "இது என்ன நிறம்? எத்தனை பழம்?" என்று பக்கத்துக்குப் பக்கம் வினவினேன். இரண்டே நாளில் புத்தகத்தைக் கண்டாலே நழுவத் தொடங்கினான். பரீட்சையை நிறுத்திய பிறகே மடிக்குத் திரும்பினான். இப்போது எண்ணிக்கையை அவனே சொல்கிறான்.

காரணத்தைச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? இவனுடைய உம்மா, அதாவது என் மகள், பிறந்தபோது அவளுடைய வாப்பா சவூதியில் இருந்தார்கள். மூன்று வயதில்தான் தந்தையை முதன்முதலாகக் கண்டாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். அவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். அன்றிரவு உறங்கவில்லை.

இன்று என் மருமகன் குவைத்தில் இருக்கிறார். அங்கேயே இப்புத்தகத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். வெள்ளிதோறும் கைப்பேசித் திரையில் அவர் வாசிக்க, இங்கே இவன் பக்கத்தைத் திருப்புவான். முதல் நாள் அவர் 'ஸலாமி' என்று வாசித்ததும், "இல்ல வாப்பா, சமூசா" என்று திருத்தினான். அன்று முதல் குவைத்திலும் சமூசாதான்.

சென்ற மாதம் அவர் விடுப்பில் வந்தார். வாசலில் நின்றவரை இவன் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே ஓடினான். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வானோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. என் மகளோ அசையாமல் நின்றாள்.

பிய்ந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.