தோற்றவுடன் ‘லோட்’ செய்யாதீர்கள்!

சென்ற மாதம் கீரமங்கலத்துக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்குள் பையன் கேம்ஸில் இறங்கிவிட்டான். “தம்பி, எந்நேரமும் டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டே இருக்கான். உருப்படியா ஒண்ணு இருந்தா போட்டுக் கொடேன்” என்றார் அக்கா.

கேம்ஸ் என்றாலே கெட்டது என்று சொல்பவன் அல்ல நான். ஆனால் எதை ஆடுகிறோம், எப்படி ஆடுகிறோம் என்பது முக்கியம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ‘ஃபிரான்சைஸ் மோட்’ உள்ள விளையாட்டுகளை. இதில் நீங்கள் மட்டையைப் பிடிக்கப் போவதில்லை. ஒரு அணியின் நிர்வாகியாக உட்கார்ந்து, பல வருடங்களுக்கு அந்த அணியை நடத்த வேண்டும். யாரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு சம்பளம் கொடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு.

நான் ஆடுவது ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’. ஜெர்மனிக்காரரான மார்கஸ் ஹெயின்சன் உருவாக்கியது. திரை முழுக்க அட்டவணைகளும் எண்களும்தான். அதனால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பேஸ்பால் தெரியாதே என்று பயப்படாதீர்கள். எனக்கும் தெரியாது, ஆடித்தான் கற்றுக்கொண்டேன்.

ஐ.பி.எல்.லில் ஒரு அணி சட்டென்று எழுந்துவிடலாம். சென்னை அணி 2020-இல் ஏழாவது இடம், 2021-இல் கோப்பை. அமெரிக்க பேஸ்பாலில் அது அவ்வளவு சுலபமில்லை. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள். ‘டிராஃப்ட்’ என்ற முறையில் இளைஞர்களைத் தேர்வு செய்யும்போது, தோற்கும் அணிகளுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் அப்படி எடுத்த பையன் கீழ்மட்ட லீக்குகளில் சில வருடங்கள் ஆடிப் பழகிய பிறகே பெரிய அணிக்கு வருவான். வராமலும் போகலாம்.

நான் தேர்ந்தெடுத்த அணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள், வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்ட அணி. நம் நாட்டின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-இல் ஒப்பந்தம் செய்ததும் இதே அணிதான். ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்து 2014-இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அவர்கள் கதையே. ஈட்டி எறிந்துகொண்டிருந்த அந்த இருவருமே கடைசிவரை பெரிய லீக்கை எட்டவில்லை. அணியைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஆண்ட்ரூ மெக்கட்சன் முக்கியமானவர். 2005 டிராஃப்டில் எடுக்கப்பட்டார். அணி மீண்டது எட்டு வருடம் கழித்து, 2013-இல். 94 வெற்றிகள், அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது. அதன்பிறகு அணி மறுபடியும் சரிந்து, 2021-இல் 101 ஆட்டங்களில் தோற்றது. நான் கையில் எடுத்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

முதல் முயற்சியில் எனக்கு ஒரே அவசரம். வளரும் இளைஞர்கள் நால்வரைக் கொடுத்து, 33 வயதைத் தாண்டிய நட்சத்திரங்கள் இருவரை வாங்கினேன். முதல் வருடம் 79 வெற்றி. அடுத்த வருடம் ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்கு வயது. 64 வெற்றி. மூன்றாம் வருட முடிவில் உரிமையாளர் என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்.

இரண்டாவது முறை குறுக்கு வழி பிடித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ‘சேவ்’ செய்வேன். தோற்றால் பழைய ஃபைலை ‘லோட்’ செய்து மறுபடி ஆடுவேன். இப்படியே போய் கோப்பையையும் வாங்கிவிட்டேன். ஆனால் எந்த முடிவு சரி, எந்த முடிவு தவறு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதற்குக் காரணம் உண்டு. சாஃப்ட்வேர் எழுதுபவன் என்பதால் சொல்கிறேன். இதுபோன்ற விளையாட்டில் ஒவ்வொரு பந்தும் கம்ப்யூட்டர் உருட்டும் ஒரு பகடை. நல்ல வீரருக்குச் சாதகமான பக்கங்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நல்ல முடிவு எடுத்தும் ஒரு நாள் தோற்கலாம். மோசமான முடிவு எடுத்தும் ஜெயிக்கலாம். 162 ஆட்டங்களையும் அப்படியே விட்டால்தான் நம் முடிவின் தரம் தெரியும். ‘லோட்’ செய்பவர், தாயம் விழும்வரை பகடையை உருட்டிவிட்டு, தான் திறமைசாலி என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒரே இரவில் எங்கள் தோப்பில் 70 தென்னையில் 58 சாய்ந்துவிட்டது. அப்பா நெட்டை ரகக் கன்றுகளை வாங்கி வந்தார். “குட்டை ரகம் வைங்கப்பா, மூணு நாலு வருஷத்துல காய்க்கும். இல்லேன்னா நிலத்தை வித்துடலாம்” என்று சண்டை போட்டேன். “பிள்ளை காய்க்கிறப்ப காய்க்கும்டா. உனக்கு என்ன அவசரம்?” என்றார். நெட்டை நின்று காய்க்கும், கொப்பரைக்கும் நல்லது என்பது அவர் கணக்கு. இடையில் கடலையும் உளுந்தும் போட்டுச் செலவைச் சமாளித்தார். நான் சில மாதங்கள் அவரிடம் சரியாகப் பேசவே இல்லை. 2025-இல்தான் முதல் பாளைகள் வந்தன. சில கன்றுகள் வண்டு குடைந்து போயின. மற்றவை நிற்கின்றன.

மூன்றாவது முயற்சியில் அப்பாவின் வழியில் போனேன். டிராஃப்டில் எடுத்த இளைஞர்களை விற்கவே இல்லை. ஊடுபயிர் மாதிரி, அனுபவசாலிகள் சிலரைக் குறைந்த சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்து, சீசன் நடுவில் அவர்களைக் கொடுத்து இன்னும் சில இளைஞர்களை வாங்கினேன். முதல் இரண்டு வருடம் அடி மேல் அடி. நான்காம் வருடம் 83 வெற்றி. ஆறாம் வருடம் பிளே-ஆஃப். கோப்பை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஏன் தோற்றேன் என்று இப்போது சொல்ல முடிகிறது.

அப்படியானால் ‘சேவ்’ செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? வாரம் ஒருமுறை அந்த ஃபைலை பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். கரண்ட் போனால் ‘லோட்’ செய்யலாம். கம்ப்யூட்டர் பழுதானால் செய்யலாம். தோற்றதற்காக மட்டும் செய்யக்கூடாது. பெற்றோர்கள் பிள்ளைகளிடம் ‘எத்தனை மணி நேரம் ஆடினாய்’ என்று கேட்பதோடு, ‘தோற்றபோது என்ன செய்தாய்’ என்றும் கேட்டுப் பாருங்கள்.

அக்கா பையனுக்கு இந்த கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் போன் செய்தான்.

“மாமா, வரிசையா ஒன்பது மேட்ச் தோத்துட்டேன். லோட் பண்ணிக்கவா?”

“கரண்ட் போச்சா?”

“இல்லையே.”

“அப்ப பத்தாவது மேட்சை ஆடு” என்றேன்.